பந்து கடலுக்குப் போகணும்

வா மக்கா, உள்ள வா. செருப்பைக் கழட்டாண்டாம், தரை இன்னும் கூட்டல. நீதானே மார்ச் மாசம் வந்து நெட்டு மாட்டினது? அஜின்தானே பேரு? அப்பம் செரி. மாட்டினவனே கழட்டவும் வந்தது நல்லதாப் போச்சு.

வீட்டுக்காரி கோயிலுக்குப் போயிருக்கா, மாதா சபைக் கூட்டம். கட்டன் சாயா போட எனக்கும் தெரியும், இரு. அந்த டப்பாவை எடுத்துக்கோ. வயரு மேல ஓட்டுக்குள்ள போகுது, அதை மெதுவா இழு, ஓடு பழசு.

என்னது, கனெக்‌ஷனை நிறுத்துத பாரத்துல காரணம் எழுதணுமா? காட்டு பாப்போம். நெட்டு மெதுவா வருது. வேற கம்பெனிக்கு மாறுதேன். வீடு மாறுதேன். கஸ்டமர் மரணம். இதுல எனக்க காரணம் இல்லியே மக்கா. கடைசியில இதரன்னு ஒரு கட்டம் இருக்கு, அதைப் பிறவு பாப்போம்.

அன்னைக்கு உன்கிட்ட நான் ஒரு பொய் சொன்னேன், ஓர்மை இருக்கா? வடக்க குளிர் கடல்ல கிடக்குத ஒரு தீவுக்காரனுக்க லீக்கைப் பாக்கணும், ஏதோ ஆப்பு உண்டாம், எடுத்துத் தான்னு கேட்டேன். நீ சிரிச்சே. எல்லாரும் இங்கிலீஷ்காரன் மேட்ச் கேப்பாங்க, ஸ்பெயின்காரன் மேட்ச் கேப்பாங்க, இது யாருக்கும் தெரியாத டீமால்ல இருக்கு மாமான்னு சொன்னே. நான் பெரிய இவனாட்டு, யாரும் பாக்காத டீமைப் பாக்குததுதான் ரசனைன்னு சொன்னேன். ரசனையும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எனக்க மகன் அங்க இருக்கான். ரெஜின். மீன் கம்பெனியில வேலை. அவனைப் பாக்கணும். அவ்வளவுதான் காரணம்.

போன்ல பாக்கலாமேன்னு நீ நினைப்பே. பாக்கலாம். அவனுக்க அம்மை பாக்கா. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோறு தின்னு முடிச்சு அடுக்களையில உக்காந்து ஒரு மணிக்கூர் பேசுவா. நான் இங்கன இருந்து பேப்பர் வாசிப்பேன். ஒரே பக்கத்தை ஒரு மணிக்கூர் வாசிப்பேன். நீ மாட்ட வரும்போ என்கிட்ட அவன் பேசி மூணு வருஷம் ஆகியிருந்துது. பேசக்கூடாதுன்னு யாரும் சொல்லல கேட்டியா. அவனும் சொல்லல, நானும் சொல்லல. அது அப்படி ஆகிப்போச்சு.

நீ தக்கலைக்காரன், கடக்கரை உனக்குத் தெரியாது. இங்க பிள்ளை நடக்கப் படிக்குததுக்கு முன்னாலயே பந்தைத் தட்டும். ஊருக்கு ஊர் டீம் உண்டு, டீமுக்கு செகரட்டரி உண்டு. இந்த ஊருக்கு இருபத்திரெண்டு வருஷமா நான்தான் செகரட்டரி. ததேயுஸ்னு கேட்டுப் பாரு, பக்கத்து ஊர்க்காரன்கூட சொல்லுவான், கறாரான ஆளு, ஆனா ஒரு பக்கம் சாயமாட்டான்னு. அந்தப் பேரு சும்மா வருமா?

நம்ம கோயில் பாதுகாவலர் திருவிழாவுக்கு ஏழு ஏழு பேரு ஆடுத செவன்ஸ் டூர்ணமென்ட் வைப்போம். பேச்சு நின்ன அந்த வருஷம் நம்ம டீமுக்கு லிஸ்ட் போடுதோம். கடைசி ஒரு இடம் பாக்கி. எனக்க மகனும் கமிட்டியில உள்ள கிளாரன்ஸுக்க மகனும் நிக்கான். யாரு நல்லா விளையாடுவான்னு கேட்டா எனக்க மகன்தான். இடது கால் அவனுக்கு. அந்தக் காலைப்பத்தி ஊரே பேசும். ஆனா செகரட்டரிக்க மகன், அதான் எடுத்துட்டான்னு ஒருத்தன் சொல்லிரக்கூடாது பாரு. நான் அவன் பேரை வெட்டினேன். கமிட்டியில ரெண்டு பேரு, வெட்ட வேண்டாம் ததேயுஸுன்னு சொன்னான். கேக்கல. வீட்டுல வந்து சொன்னேன். அவன் சோத்தைத் தின்னான், தட்டைக் கழுவி வச்சான், எந்திரிச்சுப் போனான்.

பைனலுக்குக் கல்லுமுக்கு ஊர்க்காரன் வந்து நிக்கான். நமக்கும் அவனுக்கும் பரம்பரைப் போட்டி. நான் மைக்குல ரெண்டு டீமுக்க பேரும் வாசிக்கேன். அவன் குடுத்த பேப்பர்ல ஏழாவது பேரு எனக்க மகன் பேரு. நிமிந்து பாத்தா மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கான். வாசிச்சேன். வாசிக்கத்தானே வேணும். கடைசி நிமிஷத்துல, இடது காலு, ஒரே அடி. நம்ம வலைக்குள்ள. நல்ல கோல்தான். அதை இல்லன்னு சொன்னா பந்துக்கே துரோகம்.

ஊர்ல ஒரு சட்டம் உண்டு. சொந்த ஊருக்கு எதிரா பந்து தட்டினவன் ஊர் மைதானத்துல கால் வைக்கக்கூடாது. அவனே பொதுக்கூட்டத்துல வந்து நின்னு தப்புன்னு சொன்னா, கூட்டம் பாத்து விலக்கை எடுக்கும். நான் கிளப்புக்கு வந்த வருஷம் எழுதினது. எழுதினது யாருன்னு கேக்காதே. கையெழுத்து நல்லா இருக்கும்னு என்னை எழுதச் சொன்னாங்க. அந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச உடனே கோயில் மைக்குல நானே வாசிச்சேன். ததேயுஸ் மகன் ரெஜின்னு. ஒரு எழுத்து தடுக்கல. பிறவு பங்குச்சாமி கூப்பிட்டு, ததேயுஸ், வேற ஆளை வாசிக்கச் சொல்லியிருக்கலாமேன்னு கேட்டாரு. சாமி, வேற ஆளு வாசிச்சா செகரட்டரி ஒளிஞ்சுட்டான்னு சொல்லுவாங்கன்னு சொன்னேன்.

நீ வரும்போ பாத்திருப்பியே, வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவுலதான் மைதானம் கிடக்கு. வள்ளத்துக்குப் போகணும்னா எல்லாரும் அதைக் குறுக்க வெட்டித்தான் போறது. ரெண்டு நிமிஷ வழி. அவன் எட்டு மாசம் கல்லறைத் தோட்டத்தைச் சுத்திப் போனான், வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு. இருபது நிமிஷம். மழையிலயும் அப்படித்தான். சுண்ணாம்புக் கோட்டுல அவனுக்க பெருவிரல் படாது. நான் இந்த வாசல்ல நின்னு பாப்பேன். பாத்தியா, சட்டத்துக்கு எப்படி மரியாதை குடுக்கான், எனக்க வளர்ப்புன்னு அவகிட்ட சொல்லுவேன். அவ அடுப்பைப் பாத்துக்கிட்டு நிப்பா.

ஒருநாள் அம்மைகிட்ட சொல்லிட்டு வெளிநாடு போயிட்டான். ஏஜென்சி மூலமாத்தான், முறையாத்தான். என்கிட்ட சொல்லல.

இந்தா, சாயா குடி. சீனி போதுமா?

போன பிப்ரவரியில அவ போன்ல பேசுதது காதுல விழுந்துது. ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல அந்த ஊர் கிளப்புக்கு ஒத்தாசைக்குப் போறானாம். சின்ன ஊராம், எல்லா வேலையும் ஊர்க்காரங்களே செய்வாங்களாம். ஃபுட்பால் கிளப்பு மக்கா! விளையாடுதான்னே நினைச்சேன். அந்த இடது காலை எவனோ கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். அதுக்குத்தான் உங்க ஆபீசுக்கு வந்து இந்தக் கனெக்‌ஷனை எழுதிக் குடுத்தேன்.

நம்ம நேரத்துக்கு சாயங்காலம் ஏழரைக்கு மேட்ச். அந்த நேரத்துலதான் வீட்டுல ஜெபமாலை. அவ அந்த அறையில மணியை உருட்டுவா, நான் இந்த அறையில டிவியைப் பாப்பேன். சத்தத்தைக் குறைச்சுத்தான் வைப்பேன். வருணனைக்காரன் பேசுதது ஒண்ணும் விளங்காது, பின்னே சத்தம் எதுக்கு?

மைதானம் கடலோரத்துல. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஒரு குட்டைச் சுவர், சுவருக்கு அந்தாண்ட கடல். பாக்க முந்நூறு பேரு இருப்பான். ஒரே ஒரு கேமரா. அவன் ஊர் டீமுக்கு நீலச் சட்டை. பேரு எனக்கு வாயில வராது, நீலம்னே வச்சுக்கோ. முதல் மேட்ச்ல பதினோரு பேரையும் உத்துப் பாத்தேன். அவன் இல்ல. வெளிய பெஞ்சுல இருக்கவனைப் பாத்தேன். இல்ல. கோலிக்க முகத்தைக்கூட ரெண்டு தடவை பாத்தேன், அவன் ஆறரை அடி உயரம், சிவப்புத் தாடி. ரெண்டாவது மேட்ச் வெளியூர்ல. மூணாவதுலயும் இல்ல. அம்மைகிட்ட சும்மா புளுகியிருக்கான் பயலுன்னு நினைச்சேன்.

நாலாவது மேட்ச்ல, நம்ம ஆறாம் நம்பரு, மொட்டைத் தலை, கோலுக்கு முன்னால நின்னு தடுக்குத ஸ்டாப்பர் பேக்கு, பந்து வந்தா என்ன செய்யணும்னு அறியாத ஆளு, ஒரு அடி அடிச்சான் பாரு. பந்து சுவரைத் தாண்டிக் கடல்ல விழுந்துது. கேமராக்காரன் பந்து பின்னாலயே கேமராவைத் திருப்பினான். அங்கன ஒரு சின்னப் படகு. ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டு ஒருத்தன் பந்தை எடுக்கப் போறான்.

முகம் தெரியல மக்கா. கட்டெறும்பு அளவுக்குத்தான் ஆளு தெரியுது. ஆனா அந்த ஊர்க்காரன் துடுப்பால படகு வலிச்சா உக்காந்து, போற திசைக்கு முதுகைக் காட்டி, ரெண்டு கையாலயும் வலிப்பான். இவன் முன்னாலப் பாத்து, முட்டி போட்டு, ஒத்தத் துடுப்பு. கட்டுமரம் வலிக்குதது மாதிரி. நான் படிச்சுக் குடுத்தது அது. ஏழு வயசுல, இதே கரையில. எனக்கு அழுகை வந்துட்டு. அடுத்த அறையில அவ அருள்நிறைந்த மரியே சொல்லுதா, நான் இங்க வாயைப் பொத்திட்டு அழுதேன்.

பதினஞ்சு செகண்டு காட்டினான். அவ்வளவுதான். அதுக்குள்ள வேற பந்தைப் போட்டு ஆட்டம் தொடங்கிப்போச்சு.

லைஃப் ஜாக்கெட்டு! இங்க நான் கெஞ்சிச் சொன்னாலும் போடமாட்டான்.

அன்னைக்கு முதல் எனக்கு ஒரே வேண்டுதல். பந்து கடலுக்குப் போகணும். ஜெயிக்கவும் வேண்டாம், கோல் போடவும் வேண்டாம், பந்து கடலுக்குப் போகணும். அந்த மொட்டைதான் எனக்கு சாமி. அவன்கிட்ட பந்து போச்சுன்னா நான் எந்திரிச்சு நிப்பேன். அடிலே, அடி, சுவரைத் தாண்டி அடின்னு சொல்லுவேன். அவனும் எனக்க பேச்சைக் கேட்டது மாதிரி அடிப்பான். நம்ம அந்தோணியார் குருசடியில அவனுக்காக மெழுகுவத்தி கொளுத்தினேன். காணாமப்போனதைக் கண்டுபிடிச்சுத் தாறவருல்லா அவரு. யாருக்குன்னு மணியடிக்குத கோயில்பிள்ளை கேட்டான். ஒரு பிள்ளைக்கு, அவன் நம்ம வேதக்காரனான்னு தெரியாது, நல்ல பையன்னு சொன்னேன்.

ஒரு மேட்ச்ல மூணு தடவை கடலுக்குப் போச்சு. நீலம் நாலு கோல் வாங்கித் தோத்துது. எனக்குப் பெருநாள். அடுத்த நாள் கிளாரன்ஸ்கூட கேட்டான், என்ன ததேயுஸ், முகம் தெளிஞ்சிருக்கேன்னு.

அப்பம்தான் ஒரு காரியம் மண்டையில உறைச்சுது. பத்து டீம்ல கடைசி ரெண்டு டீம் அடுத்த வருஷம் கீழ் டிவிஷனுக்குப் போயிரும். நீலம் ஒன்பதாவது இடத்துல நிக்கு. கீழ் டிவிஷன் மேட்சை இந்த ஆப்புல காட்டமாட்டான், இங்கிலீஷ்ல போட்டிருந்தான், நான் நாலு தடவை வாசிச்சேன். எனக்க நிலைமையைப் பாரு. பந்து கடலுக்குப் போகணும்னா நீலம் திணறணும். திணறினா தோக்கும். தோத்தா கீழ போயிரும். கீழ போனா மகனைப் பாக்க முடியாது. அங்க போனா ஆறு, இங்க வந்தா கிணறுங்குத கதை.

ஜூலையில கோச்சு மொட்டையை உக்கார வச்சுட்டான். புதுசா ஒரு பொடியன், பந்தைத் தரையிலயே உருட்டி அழகா பாஸ் குடுப்பான். மூணு மேட்ச் ஜெயிச்சுது நீலம். நல்ல ஆட்டம், ஒரு குறை சொல்ல முடியாது. எனக்கு எரிச்சலா வந்துது. மூணு மேட்ச்லயும் ஒரு பந்துகூடக் கடலுக்குப் போகல. அந்தக் கோச்சை நான் திட்டின திட்டுக்கு அடுத்த அறையில ஜெபமாலை நின்னுபோச்சு. அவ வந்து வாசல்ல நின்னு, யாரைத் திட்டுதீங்கன்னு கேட்டா. லிஸ்ட்ல இருந்து ஆளை வெட்டுதானே, அவனுக்கும் ஒரு அம்மை அப்பன் பாத்துக்கிட்டு இருப்பாங்கல்லான்னு சொன்னேன். அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. பிறவு ஜெபமாலைக்குத் திரும்பிப் போனா. என்னத்துக்கு அப்படிப் பாத்தான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ஆகஸ்ட்ல ஒரு மேட்ச் ஜெயிச்சு முடிஞ்ச உடனே எல்லாரும் போட்டோ எடுக்க மைதானத்துக்குள்ள இறங்கினாங்க. பொம்பிளைங்க, பிள்ளைங்க, டிக்கெட் கிழிக்குதவன், சாயா விக்குத கிழவி, எல்லாரும். கேமரா ஓடிக்கிட்டே இருக்கு. அப்பம் சுவர் பக்கத்துல ஆரஞ்சுச் சட்டையோட ஒருத்தன் வந்து நிக்கான். கக்கத்துல ரெண்டு பந்து. அன்னைக்குத்தான் கொஞ்சம் பக்கத்துல தெரிஞ்சான். மெலிஞ்சுபோயிருந்தான். கேப்டன் கையைக் காட்டி வா வான்னு கூப்பிடுதான். இவன் தலையாட்டுதான். கேப்டன் ஓடிவந்து கையைப் பிடிச்சு இழுக்கான். இவன் சிரிச்சுக்கிட்டே பந்தைக் கோட்டுக்கு உள்ள உருட்டிவிட்டான், கையை விடுவிச்சான், வெளியவே நிக்கான். வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் வெளிய. பெருவிரல் படல.

எனக்கு அது பொறுக்கல மக்கா. நான் வாசிச்ச சட்டம் நம்ம மைதானத்துக்குத்தானே? உலகத்துல உள்ள மைதானத்துக்கெல்லாமா வாசிச்சேன்? அங்க இவன் கால் வச்சா எவன் கேக்கப்போறான்?

அடுத்த ஞாயித்துக்கிழமை அவ போன்ல பேசும்போ அடுக்களைக்குப் போனேன். அந்த மைதானத்துல அவன் கால் வைக்கலாம்னு சொல்லுன்னு சொன்னேன். அவ போனை என் முன்னால நீட்டினா. "நீங்க வாசிச்சதுதானே. நீங்களே சொல்லுங்க"ன்னா.

வாங்கினேன். மூணு வருஷமா ஒரு வார்த்தை பேசல. அப்பா பேசுதேன்னு சொன்னேன். அந்தப் பக்கம் காத்துச் சத்தம்தான் கேக்கு. எனக்கு வேற என்ன பேசணும்னு தெரியல. எத்தனையோ நினைச்சு வச்சிருந்தேன். வாயில வந்தது இதுதான்: "லேய், தப்புன்னு ஒரு கடுதாசி எழுதி அனுப்பு. நேர்ல வரணும்னுதான் சட்டம். கடுதாசி போதும்னு நான் கூட்டத்துல பேசிப் பாக்கேன்."

அவன் அதை விட்டுட்டு, "அப்பா, நீங்க மேட்ச் பாக்கீங்களா?"ன்னு கேட்டான்.

"பாக்கேன்."

"எப்பம் முதல்?"

"மார்ச் மாசம் முதல். நீ துடுப்பை ரொம்ப மேல பிடிக்கே. குளிர் தண்ணியில தோள் போயிரும், கொஞ்சம் இறக்கிப் பிடி."

"செரி"ன்னான். அவ்வளவுதான். அம்மைகிட்ட குடுங்கன்னான். குடுத்தேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு நினைக்கே! அப்பான்னு கூப்பிட்டானே. அடுத்த மேட்சுக்கு ஆறு மணிக்கே வந்து உக்காந்தாச்சு. துடுப்பை இறக்கிப் பிடிக்கானான்னு பாக்கணும். நல்ல நேரத்துக்கு அந்தப் பாஸ் குடுக்குத பொடியனுக்குக் கால்ல அடி, மொட்டை திரும்ப வந்துட்டான். பத்தாவது நிமிஷத்துல அடிச்சான். பந்து கடலுக்குப் போச்சு. கேமரா திரும்புச்சு. அதே படகு. அதே ஆரஞ்சுச் சட்டை. வலிக்குதவன் உக்காந்து, முதுகைக் காட்டி, ரெண்டு துடுப்பு போட்டு வலிக்கான். தலைமுடி வெள்ளை.

ஒருவேளை காய்ச்சலா இருக்கும்னு நினைச்சேன். அடுத்த மேட்ச்லயும் அந்தக் கிழவன்தான். அதுக்கு அடுத்ததுலயும். அவகிட்ட கேட்டேன். முதல்ல சொல்லமாட்டேன்னா. பிறவு சொன்னா: "நீங்க பாக்கீங்கன்னு தெரிஞ்ச பிறவு அவனுக்குக் கை வரலியாம்."

கை வரல. பாத்தியா? அது மரியாதை மக்கா. சின்ன வயசுலயே அப்படித்தான். நான் கரையில நின்னு பாத்தா அவனுக்குப் பந்து கால்ல நிக்காது. அப்பன் மேல உள்ள பயபக்தி. அவளுக்கு அது விளங்கல. இனி அவனைப்பத்தி என்கிட்ட கேக்காதீங்கன்னு சொல்லிட்டா.

நான் மேட்ச் பாக்குததை நிறுத்தல. நிறுத்திருந்தா அவன் திரும்ப வந்திருப்பானோ என்னமோ. ஆனா நான் நிறுத்தினா அவன் வந்தது எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு.

கடைசி மேட்ச் போன மாசம், அக்டோபர் கடைசியில. சமன் ஆனாப் போதும், நீலம் தப்பிச்சிரும். தோத்தா கீழ. அங்க சரியான காத்து. கடல் வெள்ளை வெள்ளையா நுரைச்சுக்கிட்டு நிக்கு. நம்ம ஊர்னா எவனும் வள்ளம் இறக்கமாட்டான். எம்பத்தெட்டு நிமிஷம் வரைக்கும் ஒண்ணுக்கு ஒண்ணு. முந்நூறு பேரும் எந்திரிச்சு நிக்கான். நானும் நிக்கேன். தப்பிச்சாச்சு, இன்னும் ரெண்டே நிமிஷம். நான் அப்பம் வேண்டியிருக்கக்கூடாது. அந்தோணியாரே, ஒரு தடவை, இந்த வருஷத்துக்குக் கடைசியா ஒரே ஒரு தடவை பந்து கடலுக்குப் போகட்டும்னு வேண்டினேன். கடைசி மேட்சுக்காவது வந்திருப்பான்னு ஒரு நினைப்பு. வேற எதுக்கும் இல்ல, ஆளைப் பாக்க.

மொட்டைகிட்ட பந்து வந்துது. அடிச்சான். அவன் வாழ்க்கையில அவ்வளவு தூரம் அடிச்சிருக்கமாட்டான். பந்து சுவரைத் தாண்டி, படகு கட்டுத இடத்தைத் தாண்டி, நடுத்தண்ணியில விழுந்துது. கேமரா போச்சு. படகு கரையில கவுத்துப் போட்டிருக்கு. பக்கத்துல ஒரு மனுசன் இல்ல. பந்து மட்டும் தனியாத் தண்ணியில ஏறி இறங்கிப் போகுது. கேமராக்காரனுக்கு என்ன தோணிச்சோ, அதையே காட்டிக்கிட்டு நிக்கான். நானும் அதையே பாத்துக்கிட்டு நிக்கேன். அப்பம் பின்னால ஒரு கூச்சல். கேமரா திரும்புததுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. வேற பந்தைப் போட்டு, த்ரோ எறிஞ்சு, எதிராளி கோல் அடிச்சுட்டான். எப்படி அடிச்சான்னு நான் பாக்கவே இல்ல. மொட்டை தரையில உக்காந்து முகத்தைப் பொத்திக்கிட்டு அழுதான். அவனுக்குத் தெரியாது, அது அவன் தப்பு இல்லன்னு.

அவ்வளவுதான். நீலம் கீழ போச்சு. ஆப்பைத் திறந்தா அந்த டீம் பேரே இப்பம் இல்ல.

என்ன கேக்கே? விலக்கையா? எடுத்திருக்கலாம். போன வருஷமே கமிட்டியில எல்லாரும் சொன்னான். கிளாரன்ஸ்தான் முதல்ல கை தூக்கினான், எனக்க மகனுக்கு இடம் குடுக்கப் போய்த்தானே இந்த வினைன்னு. ஒரு ஆளுகூட எதிர்ப்பு இல்ல. நான்தான் விடல. அவன் வந்து நின்னு கேக்கணும்லா? செகரட்டரிக்க மகனுக்கு ஒரு சட்டம், ஊரானுக்க மகனுக்கு ஒரு சட்டமான்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டுட்டா? கேக்கமாட்டான்னு நீ சொல்லுதே. நீ சின்னப் பையன்.

அவன் இனி வரமாட்டான் மக்கா. அவ என்கிட்ட சொல்லல, ஆனா எனக்குத் தெரியும். அங்கயே தங்குததுக்குப் பேப்பர் குடுத்திருக்கான். போன்ல அவ அழுதுகிட்டே நல்லதுடே, நல்லதுடேன்னு சொன்னா.

எல்லாம் எடுத்தாச்சா? ரிமோட்டும் உங்களுக்கு உள்ளதுதான், கொண்டு போ. பாரத்துல இதர-ன்னு உள்ள கட்டத்துல டிக் பண்ணிக்கோ. மேட்ச் முடிஞ்சாச்சுன்னு எழுது. பொய் இல்லியே.

வண்டியை எங்கன விட்டிருக்கே? குருசடிப் பக்கமா? அப்பம் மைதானத்தைக் குறுக்க வெட்டிப் போ, உடனே போயிரலாம். நில்லு, நானும் அந்தப் பக்கம்தான் வாறேன், மெழுகுவத்தி வாங்கணும். நீ முன்னால போ. நான் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தித்தான் வருவேன். இல்ல இல்ல, அதுக்கு ஒண்ணும் காரணம் இல்ல. ஆகஸ்ட் மாசம் முதல் அப்படித்தான் போறது. நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.